மொட்டைப் பனையில் இருந்த இருவர்

அந்தக் குப்பத்துக்கு நான் நர்சாகப் போய்ச் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில். மாமல்லபுரத்திலிருந்து புதுப்பட்டினம் போகிற பஸ்ஸில் ஏறி, ஒரே ஒரு டீக்கடை இருக்கும் நிறுத்தத்தில் இறங்கி, சவுக்குத் தோப்பு வழியாகக் கடலைப் பார்த்து நடக்க வேண்டும். மணலில் கால் புதையப் புதைய இருபது நிமிடம். தோப்பு முடிகிற இடத்தில் எனக்கென்று ஒரு கட்டிடம். முன்னறை ஆஸ்பத்திரி, பின்னறை என் வீடு. குப்பம் அங்கிருந்து இன்னும் கூப்பிடு தூரம் தள்ளி. ஏன் இப்படி ஒதுக்குப்புறமாகக் கட்டினார்கள் என்று கேட்டேன். "பொறம்போக்கு அங்கதான் கீது" என்றார்கள். யாருக்கும் வேண்டாத நிலம், அதில் நான்.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. செங்கல்பட்டில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணிக்கும் எனக்கும் ஒரு சமையலறை போதவில்லை. ஒருநாள் வாய்ச்சண்டை முற்றியதும், எங்கே போட்டாலும் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீம்பு எனக்குக் கூடவே பிறந்தது. வந்த முதல் வாரத்திலேயே அது கரைந்துவிட்டது. ஆனால் அதைப் போய் யாரிடம் சொல்வது?

குப்பத்துப் பெண்கள் என்னைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்வார்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று ஊர் ஊராகப் பேச்சு அடிபட்ட காலம் அது. வெள்ளைப் புடவை தெரிந்தாலே ஆள் பிடிக்கத்தான் வருகிறாள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். மணலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருக்கும் ஆண்கள் கூட வலையைப் போட்டுவிட்டு நடையைக் கட்டுவார்கள். காய்ச்சல், சிரங்கு, கர்ப்பிணிகள் என்று தனித்தனியாகக் கோடு போட்ட ரிஜிஸ்தர் ஒன்று என்னிடம் இருந்தது. முதல் மாதம் முழுக்க அதில் தேதி மட்டும்தான் எழுதினேன்.

கட்டிடத்துக்குப் பின்னால் இருபது தப்படியில் ஒரு மொட்டைப் பனை நின்றது. எந்தக் காற்றிலோ தலை போய், வெறும் தண்டாக, உச்சி உளுத்துப்போய் நின்றுகொண்டிருந்தது. வந்த முதல் நாள், விளக்கேற்றுகிற நேரத்தில் அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம். கிர்ரிச், கிர்ரிச், கிர்ரிச் என்று வேகம் பிடித்து, கடைசியில் சீவக் சீவக் என்று முடிந்தது. குழாயடியில் இரண்டு பெண்கள் குடத்தை ணங்கென்று வைத்துச் சண்டை போடுவது மாதிரி இருந்தது. சரி, பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று ஆசையோடு வெளியே வந்தேன். யாரையும் காணோம். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ராத்திரி சாப்பிடாமலே படுத்துவிட்டேன்.

யார் என்று தெரிய நான்கு நாள் ஆயிற்று. ஒருநாள் பிற்பகல் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, யாரோ என்னைப் பார்க்கிற மாதிரி முதுகு கூசியது. திரும்பினேன். பனையில் இரண்டு ஆள் உயரத்தில் ஒரு பொந்து. பொந்து நிறைய ஒரு முகம். வட்ட முகம், எலுமிச்சை மஞ்சளில் இரண்டு கண், கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம். கோபமா, வியப்பா, தூக்கக் கலக்கமா என்று சொல்ல முடியாத ஒரு பார்வை. நான் ஒரு அடி முன்னே வைத்தேன். அது தலையைத் தாழ்த்தியது, நிமிர்த்தியது, வலமும் இடமும் ஆட்டியது, மறுபடி தாழ்த்தியது. பெண் பார்க்க வந்த மாமியார்கள் கூட என்னை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்ததில்லை. பார்த்து முடித்ததும் பின்வாங்கி இருட்டுக்குள் போய்விட்டது.

அதற்குப் பிறகு நான் அவர்களை விடவில்லை. சின்ன ஆந்தைகள்தான், ஆனாலும் அவர்கள் என்றுதான் சொல்கிறேன். இரண்டு பேர். உருவம் மைனா அளவுதான். ஆனால் தலை பெரிது, வால் குட்டை, கழுத்தென்று ஒன்று இல்லவே இல்லை. அதனால் குண்டாகத் தெரிவார்கள். முதுகு சாம்பல் கலந்த பழுப்பு. அதன் மேல் அரிசி தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். வயிறு வெளுத்து, பழுப்புக் கோடுகளோடு இருக்கும். ஆண் எது, பெண் எது என்று இறகைப் பார்த்துச் சொல்ல முடியாது. பகல் முழுக்கப் பொந்துக்குள் தூக்கம். நாலு மணிக்கு மேல் ஒன்று வாசலில் வந்து உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெயில் காயும். காக்கை பார்த்துவிட்டால் போச்சு, நாலைந்தாகச் சேர்ந்து கத்தித் தீர்த்துவிடும். உடனே உள்ளே.

பொழுது சாய்ந்ததும் இருவரும் வெளியே வருவார்கள். என் வாசலுக்கு நேரே ஒரு தெருவிளக்குக் கம்பம் இருந்தது. கரண்டு வந்த கடைசிக் கம்பம் அதுதான். அதன் கம்பியில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, ஒன்று தலையைக் குனிந்து கொடுக்கும், மற்றது அலகால் கோதிவிடும். அதைப் பார்க்கும்போது எனக்கு அழுகை வரும். என் தலையை யாராவது தொட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசிப்பேன். அப்புறம் வேட்டை. விளக்கில் மொய்க்கும் ஈசலும் வண்டும் பூச்சியும்தான் பெரும்பாலும். சில நாள் சுண்டெலி, பல்லி. பறக்கும்போது சத்தமே கேட்காது. காலையில் பனையடியில் கட்டைவிரல் பருமனில் உருண்டைகள் கிடக்கும். ஒரு குச்சியால் பிரித்துப் பார்ப்பேன். எலி முடி, வண்டின் ஓடு, ஊசி முனை போல எலும்பு. தின்று செரிக்காததை வாய்வழியே துப்பிவிடுகின்றன என்று புரிந்தது. நானோ எல்லாவற்றையும் விழுங்கி உள்ளேயே வைத்திருந்தேன்.

ஒருநாள் மாலை, அக்கம்பக்கம் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி அவர்கள் மாதிரியே கத்திப் பார்த்தேன். முதலில் கோழி சீறுவது போல வந்தது. பத்துப் பதினைந்து நாள் விடாமல் பழகினேன். ஒரு மாலை, கம்பியிலிருந்து பதில் வந்தது. நான் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்த ஊரில் என்னோடு முதலில் பேசியவர் அவர்தான். ரிஜிஸ்தரில் அன்றைய தேதிக்கு எதிரே, சந்தித்தவர்கள் இருவர் என்று எழுதிவிட்டு, மேலதிகாரி பார்த்தால் வேலை போய்விடும் என்று அடித்தேன்.

மனிதர்களில் முதலில் பேசியது கூடைக்காரம்மா. தினமும் மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு புதுப்பட்டினம் சந்தைக்குப் போகிறவள். என் கட்டிடத்தருகே வரும்போது கூடையை இறக்கிச் சும்மாட்டைச் சரிசெய்துகொள்வாள். அதற்காகத்தான் நிற்பாள். நின்ற இடத்தில் பேசாமல் இருக்க அவளால் முடியாது.

"இன்னா நர்சம்மா, ஒண்டியாவா கீறே? போயும் போயும் சாக்குருவிக்குப் பக்கத்துலயா வூடு குடுத்தானுங்க?"

அப்போதுதான் அவர்களுக்கு அந்த ஊரில் என்ன பெயர் என்று தெரிந்தது. சாக்குருவி. எனக்குச் சுர்ரென்று வந்தது.

"அது பாட்டுக்கு இருக்கும்மா. என்னை ஒண்ணும் பண்ணல" என்றேன்.

"பண்ணாது. சொல்லும். நாமதான் எண்ணிக்கணும்" என்றாள்.

அந்தக் கணக்கை அவள்தான் எனக்கு விளக்கினாள். ஒரு காரியத்துக்குக் கிளம்பும்போது சாக்குருவி கத்தினால் நின்று எண்ண வேண்டும். ஒன்று என்றால் சாவு. இரண்டு என்றால் போகிற காரியம் ஜெயம். மூன்று என்றால் வீட்டுக்குப் பெண் வரும், நான்கு என்றால் சண்டை. அது மூச்சுவிடாமல் பத்துத் தரம் கத்துகிறதே, அதை எப்படி எண்ணுவது என்று கேட்டேன். என் அறியாமைக்கு இரக்கப்பட்டுச் சிரித்தாள். "ஒரு மூச்சு ஒண்ணு. அது கூட தெரியாம இன்னா படிச்சிகினு வந்தே?"

ஒன்று கேட்டால் கடலுக்குப் போகிறவன் துடுப்பைக் கீழே வைத்துவிடுவான். வீட்டில் இருக்கிற பெண்கள் ஒரு கை உப்பை அடுப்பில் போடுவார்கள். நான் தெருவில் வந்தால் கதவு சாத்துகிற அதே பெண்கள்தான். என்னையும் அதையும் ஒரே தட்டில் வைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்கு விளங்கியது. கோபம் வந்தது, கூடவே துணைக்கு ஆள் கிடைத்த நிம்மதியும் வந்தது.

கூடைக்காரம்மாவின் மருமகளுக்கு அப்போது வயிற்றில் மூன்றாவது. முதல் இரண்டும் வீட்டிலேயே பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டன. எட்டாம் மாதம் ஒருநாள் மாமியாரே அவளை என்னிடம் அழைத்து வந்தாள். "ஊர்ல யாருக்கும் தெரியாது. சொம்மா தொட்டுப் பாரு. ஊசி கீசி வாணாம்" என்றாள். அந்தப் பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். பேசவே மாட்டாள். வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். தலை இருக்க வேண்டிய இடத்தில் தலை இல்லை. குழந்தை குறுக்கே கிடந்தது.

வீட்டில் வைத்துப் பார்த்தால் இரண்டு உயிரும் போகும், செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று சொன்னேன். கூடைக்காரம்மா ஒரேயடியாக மறுத்தாள். "வயித்தக் கீறிட்டு, அப்பிடியே அந்த ஆபரேசனையும் பண்ணி அனுப்பிடுவானுங்க. எனக்குத் தெரியாதா?" தினமும் சும்மாட்டைச் சரிசெய்கிற நேரத்தில் கெஞ்சினேன், மிரட்டினேன், ஒருநாள் கத்தியும் விட்டேன். நானே கூட வருகிறேன், என்னைக் கேட்காமல் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று சத்தியம் செய்தேன். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்றில் பிடிவாதமாக நின்றாள்.

"ரெண்டு வாட்டியும் வலி எடுக்கச்சொல்லோ சாக்குருவி ஒண்ணுதான் கத்திச்சி. ரெண்டு வாட்டியும் புள்ள பூட்ச்சி. இந்த வாட்டியும் ஒண்ணு கத்திச்சின்னா வண்டி ஏற மாட்டேன். சொல்லிட்டேன்."

இதற்கு என் படிப்பில் பதில் இல்லை. ஆனால் என் மாலை நேரங்களில் பதில் இருந்தது. "நாளைக்குப் பொழுது சாய வாங்க, ஒண்ணு காட்டறேன்" என்றேன்.

மறுநாள் வந்தாள். விளக்குக் கம்பத்துக்குக் கீழே அவளை நிறுத்தி, மேலே பார்க்கச் சொன்னேன். கம்பியில் இருவரும் வந்து அமர்ந்து அவளைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

"இன்னா குருவி இது?"

"இதுதாம்மா உங்க சாக்குருவி."

அவள் வாயைப் பிளந்தாள். ஐம்பது வருஷமாக அந்தக் குரலுக்குப் பயந்தவள், ஆளை அன்றுதான் முதலில் பார்த்தாள். "இத்தினியூண்டா? நான் இன்னாமோ பருந்து மாரி இருக்கும்னு நெனச்சிகினு இருந்தேன். கண்ணப் பாரேன், முட்டிகினு. எங்க வூட்டுக்காரரு கோவம் வந்தா இப்படித்தான் முயிப்பாரு." ஒன்று கத்தியது. அடுத்தது அதற்குப் பதில் சொன்னது. அவள் விரல் விட்டு எண்ணினாள். "ஒண்ணு. ரெண்டு."

"எப்பவும் ரெண்டு பேர்தாம்மா. ஒண்ணு கூப்பிட்டா இன்னொண்ணு பதில் குடுக்கும். எப்பக் கேட்டாலும் ரெண்டுதான் வரும். ஜெயம்தானே?"

எப்பவும் என்று நான் சொன்னது பொய். சில நாள் பதில் வராது. ஆனால் அவள் முகத்தில் அன்று தெரிந்த வெளிச்சத்தை அணைக்க எனக்கு மனம் வரவில்லை. பொந்தை மட்டும் அவளுக்குக் காட்டவில்லை. ஏனோ அதை எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

மாசி பிறந்ததும் கம்பிக்கு ஒன்றுதான் வர ஆரம்பித்தது. மற்றதற்கு என்ன ஆயிற்றோ என்று நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பிறகு பார்த்தால், கம்பியில் இருப்பது வண்டைப் பிடித்துக்கொண்டு பொந்துக்குப் போகிறது, வெறும் வாயோடு திரும்புகிறது. உள்ளே முட்டை. பெண் அடைகாக்கிறாள், ஆண் ஊட்டுகிறான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லவும் கூடாது. உள்ளே இருப்பவள் பதில் குரல் கொடுப்பதில்லை. அப்படியென்றால் இப்போது கணக்கு ஒன்று. வலி பகலில் எடுக்க வேண்டும் என்று அத்தனை தெய்வத்தையும் வேண்டிக்கொண்டேன்.

எடுத்தது சாயங்காலம்தான். சவுக்குக் கட்டை ஏற்றுகிற மாட்டு வண்டியை இரவல் வாங்கி, வைக்கோல் பரப்பி, அந்தப் பெண்ணைப் படுக்கவைத்து ஓட்டி வந்தான் அவள் புருஷன். கூடைக்காரம்மா மருமகள் தலையை மடியில் வைத்திருந்தாள். என்னை ஏற்றிக்கொள்ள வண்டி என் வாசலில் நின்றது. ரோட்டுக்குப் போய்விட்டால் கல்பாக்கத்தில் கட்டிட வேலைக்கு வந்து திரும்புகிற லாரி ஏதாவது கிடைக்கும். நான் பையை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். கம்பியிலிருந்து அவன் கத்தினான். ஒரு மூச்சு.

எல்லோரும் அசையாமல் இருந்தோம். நானும்தான். இன்னொன்று, இன்னொன்று என்று மனசுக்குள் மன்றாடினேன். கடல் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒண்ணு" என்றாள் கூடைக்காரம்மா. "வண்டியத் திருப்புடா."

"அம்மா, அவளால தாங்க முடியாதும்மா."

"காலையில போவலாம். ஒண்ணு கத்திச்சில்ல, நீயும் கேட்டியே."

"காலையில உங்க மருமக இருக்க மாட்டா" என்றேன். இருக்கிற குரல் முழுவதையும் திரட்டிக் கத்தினேன். அவள் அசையவில்லை. அவள் கல் நெஞ்சுக்காரி இல்லை. அழுதுகொண்டிருந்தாள். இரண்டு பேரக்குழந்தைகளை மணலில் புதைத்தவளுக்கு அதற்கு மேல் துணிச்சல் மிச்சமில்லை. மகன் மாட்டைத் திருப்பக் கயிற்றை இழுத்துவிட்டான்.

நான் பையைப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறம் ஓடினேன். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு உடைந்த உலக்கை கிடக்கும். அதை எடுத்துப் பனையின் அடியில் ஓங்கி அடித்தேன். முதல் அடிக்கு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது. உளுத்த மரம் டொம் டொம்மென்று அதிர்ந்தது. நான்காவது அடிக்கு அவள் பொந்திலிருந்து பீறிட்டு வந்து, என் தலைக்கு மேலே பறந்து, கம்பியில் போய் அமர்ந்து கத்தினாள். அப்படி ஒரு கத்தலை அதற்கு முன்னால் நான் அவளிடம் கேட்டதில்லை.

"ரெண்டு!" என்று நானும் கத்தினேன். "எண்ணிக்கோங்க! ரெண்டு!"

கூடைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பியைப் பார்த்தாள், பனையைப் பார்த்தாள். "அதுக்குள்ளயா குடியிருக்குது அது?" என்றாள். பிறகு மகனிடம், "ரெண்டுடா. ஓட்டு" என்றாள். வண்டி தோப்புக்குள் திரும்பும் முன் நான் தலையை நீட்டிப் பார்த்தேன். அவள் மறுபடி பொந்துக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். முட்டை ஆறுவதற்குள் போய்விட்டாள் என்று எனக்கு நிம்மதி.

லாரி கிடைத்தது. திருக்கழுக்குன்றம் தாண்டி, செங்கல்பட்டு போய்ச் சேரும்போது அந்தப் பெண்ணுக்கு நினைவு தப்பியிருந்தது. வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். வேறு எந்த ஆபரேஷனும் செய்யவில்லை. கூடைக்காரம்மா என் இரண்டு கையையும் எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அவள் கையில் மீன் வாடை அடித்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

தையல் பிரிக்கிற வரை தாயையும் பிள்ளையையும் அங்கேயே வைத்திருப்பார்கள் என்றார்கள். மகன் மறுநாளே ஊர் திரும்பினான். நான் நான்கு நாள் இருந்து பார்த்துக்கொண்டேன். கிளம்புகிற அன்று, இத்தனை தூரம் வந்துவிட்டோமே என்று அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி காப்பி கொடுத்தாள். நான் முதல் வாய் குடிப்பதற்குள், "எப்பப் பஸ்ஸு?" என்று கேட்டாள். அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எனக்கென்று வீடு இருக்கிறது, பின்னால் குஞ்சு பொரிக்கப் போகிறது, சீக்கிரம் போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

தோப்பு முடிகிற இடத்தில் நின்றுவிட்டேன். கட்டிடத்துக்குப் பின்னால் பனையைக் காணோம்.

கூடைக்காரம்மாவின் மகன் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு. பனையைத் துண்டு துண்டாக்கி, என் சமையல் பக்கத்துச் சுவரோரம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தான்.

"அடுப்புக்கு ஆவும்கா" என்றான். "பச்சப் புள்ள வருதில்ல. பட்சி தோசம் வந்துடும்னு அம்மாதான் வெட்டச் சொன்னாங்க. ஒனக்கும் ஒண்டியா கீறச்சொல்லோ இது பேஜாருதான? நாலு பேரு சேந்து வெட்டிட்டோம். அன்னிக்கி நீ தட்டிக் காட்டாங்காட்டி எங்க குடியிருக்குதுன்னே எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

பிறந்த குழந்தை இருக்கிற வீட்டுக்கு மேலே பொழுது சாய்ந்த பிறகு பறவை பறந்தால், அதன் நிழல் பட்டுக் குழந்தை இளைத்துப்போகும் என்பது அங்கே எல்லோருக்கும் உள்ள பயம். குழந்தையின் துணியைக் கூட ஆறு மணிக்கு மேல் வெளியே உலர்த்த மாட்டார்கள். அவன் செய்தது எனக்கும் சேர்த்துச் செய்த நன்றி. எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

"உள்ள இருந்துதா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு இருந்திச்சிக்கா. கோடாலி போட்டுகினே கீறோம், பறக்கவேயில்ல. மரம் வியுந்தப்பறம் பாத்தா, முட்ட மேலயே குந்திகினு... நசுங்கிப் பூட்ச்சி. மூணு முட்ட. எல்லாத்தையும் கடலாண்ட பொதைச்சிட்டேன்."

என் வாய்க்கு ஊரே பயப்படும். அந்த வாயால் "நல்லதுப்பா" என்று மட்டும் சொன்னேன். உள்ளே போய் உட்கார்ந்தேன். நான் அடித்தபோது நான்காவது அடிக்குப் பறந்தவள், கோடாலிக்கு ஏன் பறக்கவில்லை? ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தோன்றியது. அன்று பறந்தாள், ஒன்றும் ஆகவில்லை, திரும்பி வந்தபோது முட்டை அப்படியே இருந்தது. மரத்தைத் தட்டினால் பயப்பட வேண்டியதில்லை என்று நான்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். ஒரு தாயையும் குழந்தையையும் காப்பாற்றினேன் என்று என்னால் அன்று பெருமைப்பட முடியவில்லை. இன்றும் அந்தக் கணக்கு எனக்கு நேராகவில்லை.

அன்று மாலை அவன் கம்பிக்கு வந்தான். ஒரு மூச்சு கத்தினான். பொந்து இருந்த பக்கம் திரும்பி, காலியான இடத்தைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினான், நிமிர்த்தினான். மறுபடி ஒரு மூச்சு. இருட்டுகிற வரை பல தடவை கூப்பிட்டான். ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெகுநேரம் காத்திருந்தான்.

மறுநாள் காலையில் மகன் வந்து நின்றான். "ஒண்ணு தப்பிச்சிகினுது போலக்கா. நேத்து முச்சூடும் ஒத்தையா கத்திகினு இருந்திச்சி. புள்ள வர்றதுக்குள்ள கவணுல அடிச்சிடட்டுமா?"

"ஒண்ணு இல்லப்பா, ரெண்டு இருக்கு. வேற ஒண்ணு வந்து சேர்ந்திருக்கு" என்றேன். "இன்னிக்கு சாயங்காலம் நல்லாக் கேட்டுப் பாரு."

அன்று மாலை, கட்டிடத்துக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன். அவன் ஒரு மூச்சு கத்தினான். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி நான் பதில் கொடுத்தேன். மறுநாளும் கொடுத்தேன். அதற்கடுத்த நாளும். கவணோடு யாரும் வரவில்லை. காலையில் தண்ணீருக்குப் போகிற பெண்கள், "ரெண்டாம்கா" என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டு போனார்கள். கதவு சாத்துவதை நிறுத்தியிருந்தார்கள். ஒருத்தி குழந்தைக்கு இருமல் மருந்து கேட்டு உள்ளேயே வந்துவிட்டாள். ரிஜிஸ்தரில் வரிகள் நிறைய ஆரம்பித்தன.

நான்காம் நாள் நான் பதில் கொடுத்ததும், அவன் கம்பியை விட்டு என் பக்கம் பறந்து வந்தான். துணிக்கொடியில் அமர்ந்தான். கை நீட்டினால் எட்டுகிற தூரம். மஞ்சள் கண்ணால் என்னைப் பார்த்து, தாழ்ந்து, நிமிர்ந்து, வலமும் இடமும் அசைந்து, முதல் நாள் பார்த்தது போலவே மேலும் கீழும் பார்த்தான். பார்த்து முடித்ததும் சவுக்குத் தோப்புப் பக்கம் பறந்தான். சத்தமே இல்லை. அடுத்த நாள் அவன் வரவில்லை.

அதற்கு மறுநாள் தாயும் பிள்ளையும் வருவதாகச் சேதி வந்திருந்தது. பொழுது சாய்ந்தது. கம்பி வெறுமனே இருந்தது, விளக்கில் பூச்சிகள் மொய்த்தன, பிடிப்பாரில்லை. என்னால் உள்ளே இருக்க முடியவில்லை. கொல்லைப்புறம் போய், எங்கேயாவது இருந்தால் கேட்கட்டும் என்று, தோப்பைப் பார்த்து ஒரு மூச்சு கத்தினேன். பதில் இல்லை. முன்பக்கம், தோப்பு வழியில் வந்துகொண்டிருந்த மாட்டு வண்டியின் மணிச்சத்தம் சட்டென்று நின்றது.

"இன்னாடா அது? ஒண்ணா?" என்று கூடைக்காரம்மாவின் குரல். குழந்தை சிணுங்கியது. வண்டியில் இருந்தவர்கள் எண்ணுவதற்காகக் காத்திருந்தார்கள்.

நான் மூச்சை இழுத்துக்கொண்டு, குரலைக் கொஞ்சம் மாற்றி, நானே இன்னொரு தரம் கத்தினேன்.

"ரெண்டு. ஓட்டுடா" என்றாள் கூடைக்காரம்மா. மணிச்சத்தம் குப்பத்தைப் பார்த்துப் போயிற்று.